எந்த வருஷத்து அலி?

பி.காம். படித்தவனுக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். நியாயமான கேள்விதான். என்னால் ஒரு கொசுவைக்கூட முதல் ரவுண்டில் நாக்-அவுட் செய்ய முடியாது. புள்ளிகள் அடிப்படையில்தான் ஜெயிப்பேன், அதுவும் கொசு களைத்துப் போனால். பள்ளிக்கூடத்தில் யாராவது கைகலந்தால், அவர்கள் சட்டைப்பையையும் டிபன் பாக்ஸையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும் ஜாதி நான்.

ஆனால் பேசச் சொல்லுங்கள். ஜோ லூயிஸா மார்சியானோவா, அலியா டைசனா என்று ஆரம்பித்தால் இரண்டு டீயும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியும் முடிகிற வரை ஓயமாட்டேன். இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தாலும், முன்பு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அடிமையாக இருந்தவன். அந்த நாளைய சகாக்கள் இன்னும் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் கூடுவார்கள். அங்கே இரண்டு கட்சி. ஒன்று அலி கட்சி. இன்னொன்று டைசன் கட்சி. டைசன் கட்சித் தலைவர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர். பேச்சும் அப்படித்தான், மாதாமாதம் தவறாமல் ஒரே ஃபார்மை நிரப்புவார்: "அலியை அடிச்சது ஹோம்ஸ். அந்த ஹோம்ஸை நாலே ரவுண்டுல தூக்கிப் போட்டது டைசன். அப்ப யாரு பெரிய ஆளு? கணக்குப் போட்டுக்கோ!"

கணக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னால் விடுவேனா? காமர்ஸ்காரன் சார்!

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்த மாதிரி 'யார் ஜெயிப்பார்' சண்டையை டீக்கடையில் போடாமல் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று ஒரு மனிதர் 1967-லேயே கிளம்பினார். பெயர் மர்ரி வோரோனர். மயாமியில் ரேடியோ நிகழ்ச்சி தயாரிப்பவர். பழைய, புதிய ஹெவிவெயிட் சாம்பியன்களின் பலம், பலவீனம், குத்தின் வேகம், தாங்கும் சக்தி என்று எல்லாவற்றையும் எண்ணாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் தள்ளினார். அது துப்பியதை வைத்து ரேடியோவில் நேர்முக வர்ணனை! செத்துப்போனவரும் உயிரோடிருப்பவரும் மோதிக்கொள்ள, அமெரிக்கா முழுக்க வாயைப் பிளந்து கேட்டிருக்கிறது. இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை ராக்கி மார்சியானோ வென்றார்.

இதில் அலி கால் இறுதியில் காலி. தோற்றது யாரிடம்? 1905-ல் ஓய்வு பெற்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம். அலிக்கு வந்ததே கோபம். அதில் நியாயம் இருந்தது. முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனிடமிருந்து பட்டத்தை எப்படியாவது பிடுங்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பண்ணையிலிருந்து கூப்பிட்டு வந்த ஆசாமி இந்த ஜெஃப்ரீஸ். 1910 ஜூலை 4, ரீனோ நகரம், 15-வது ரவுண்டில் ஜான்சன் அவரை முடித்து அனுப்பினார். நிஜத்தில் நடக்காததைக் கம்ப்யூட்டர் நடத்திக் காட்டினால்? அலி 10 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்கே போட்டுவிட்டார்.

வோரோனர் வியாபாரி. வழக்கையும் வியாபாரமாக்கினார். அந்தச் சமயம் வியட்நாம் யுத்தத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காக அலியின் பட்டத்தைப் பறித்து, மேடையேறவே தடை போட்டிருந்தார்கள். வருமானம் இல்லை. "நஷ்டஈடெல்லாம் எதற்கு? மார்சியானோவோடு மோதுகிற மாதிரி நடியுங்கள், பத்தாயிரம் டாலரும் வசூலில் பங்கும் தருகிறேன்" என்ற கணக்கில் சமரசம். 1969-ல் மயாமியில் ஒரு ஸ்டுடியோவில் ரகசியமாக ஷூட்டிங். 45 வயது மார்சியானோ இதற்காகக் கிட்டத்தட்ட 50 பவுண்டு இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். அலியின் இடதுகைக் குத்து ஒன்று பட்டு விக் நழுவ, ஷூட்டிங்கை நிறுத்தி ஒட்ட வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒரு ரவுண்டுக்கு ஒரு நிமிஷம் என்று எழுபது ரவுண்டுகளுக்கு மேல் எடுத்தார்கள். முடிவுகளும் பல தினுசு. நம்மூர் சினிமா மாதிரி இரண்டு கிளைமாக்ஸ் இல்லை, ஏழெட்டு! எதைக் காட்டப் போகிறார்கள் என்று நடித்த இரண்டு பேருக்குமே தெரியாது.

1970 ஜனவரி 20 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே ராத்திரி காட்டினார்கள். 13-வது ரவுண்டில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. ஷூட்டிங் முடிந்து சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் போய்விட்டார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்த நாள்.

அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். அலபாமா, கறுப்பர்கள் பஸ்ஸில் உட்காருவதற்கே போராட வேண்டியிருந்த மாநிலம். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்ததாக முடித்தார்கள். அந்தந்த ஊர் வாடிக்கையாளருக்குத் தகுந்த பேலன்ஸ் ஷீட்! ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நிற்க. ஜி.எஸ்.டி. நண்பரின் சூத்திரத்துக்கு வருவோம். 'அ' என்பவர் 'ஆ'வை அடித்தார், 'ஆ' என்பவர் 'இ'யை அடித்தார், ஆகவே 'அ' பெரியவர். பள்ளிக்கூடக் கணக்கில் இது செல்லும். குத்துச்சண்டையில் செல்லாது. 1971 மார்ச் 8, மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஃப்ரேஸியர் அலியைத் தோற்கடித்தார். அந்த ஃப்ரேஸியரை 1973 ஜனவரியில் ஜமைக்காவில் வைத்து ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை கீழே தள்ளினார். ஆறு! துணி துவைக்கிற மாதிரி. அதே வருஷம் மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த நார்ட்டனையும் ஃபோர்மன் 1974-ல் இரண்டே ரவுண்டில் முடித்தார். ஆக, நண்பரின் சூத்திரப்படி ஃபோர்மனுக்கு முன்னால் அலி நிற்பதே தற்கொலை. நின்றார். 1974 அக்டோபர் 30, கின்ஷாஸா. அலிக்கு 32 வயது, ஃபோர்மனுக்கு 25. நாற்பது சண்டையில் நாற்பதும் ஜெயித்தவர் எட்டாவது ரவுண்டில் தரையில்.

காரணம் எளிது. ஃப்ரேஸியர் குனிந்து குனிந்து முன்னால் வருகிறவர். பின்னால் போகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதில் மன்னன். ஃபோர்மனோ, முன்னால் வருகிறவனைத்தான் எதிர்பார்த்துக் காத்திருப்பார். தோளைப் பிடித்துத் தள்ளி, தூரம் சரி செய்து, கீழேயிருந்து மேலே ஒரு குத்து. முடிந்தது. அலி முன்னாலும் வரவில்லை, ஓடவும் இல்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டு, "அடி ராஜா, இன்னும் அடி" என்று கையையும் இடுப்பையும் காட்டினார். அடித்து அடித்து ஃபோர்மனின் கை ஓய்ந்தது. எட்டாவது ரவுண்டில் அந்தக் கை மேலே எழவே இல்லை. கல், பேப்பர், கத்தரிக்கோல் விளையாட்டில் எது பெரியது என்று யாராவது கேட்பார்களா?

எனக்கு இன்னொரு பொழுதுபோக்கு உண்டு. பழைய சண்டைகளை இன்றைய சட்டத்தில் போட்டுப் பார்ப்பது. முன்பு சாம்பியன்ஷிப் என்றால் 15 ரவுண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் டுக் கூ கிம் என்ற கொரிய இளைஞர் 14-வது ரவுண்டில் அடிபட்டு விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகு ஒவ்வொரு அமைப்பாக 12 ரவுண்டுக்கு இறங்கிவிட்டன. இறங்க வேண்டியதுதான். ஆனால், இந்த 12-ஐ வைத்துக்கொண்டு பழைய லெட்ஜரைத் திருப்பிப் பாருங்கள்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்ஸி ஜோ வால்காட், சவால்காரர் மார்சியானோ. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று பேர் போட்ட மார்க்கிலும் வால்காட்தான் முன்னால். 13-வது ரவுண்டு. மார்சியானோவின் வலது கை. படத்தில் பார்த்தால் அடி விழுகிற தூரம் ஓர் அடிகூட இருக்காது. வால்காட் கயிற்றோடு மெதுவாகச் சரிந்தார், சாக்குமூட்டை மாதிரி. இன்றைய சட்டம் இருந்திருந்தால் வால்காட் ஜெயித்து வீட்டுக்குப் போயிருப்பார். 49 சண்டை, 49 வெற்றி, தோல்வி பூஜ்யம் என்ற உலகப் புகழ் பெற்ற கணக்கு அங்கேயே உடைந்திருக்கும்.

அதற்கும் முன்னால், 1941 ஜூனில் ஜோ லூயிஸ்-பில்லி கான். கான் அவரைவிட 25 பவுண்டாவது இளைத்தவர். 12 ரவுண்டு முடிவில் இரண்டு பேர் கானுக்கு அதிக மார்க், ஒருவர் சமம். 13-ல் ஆசை பெருத்து, தானும் நாக்-அவுட் செய்துவிடலாம் என்று கான் நின்று அடிக்க, லூயிஸ் படுக்க வைத்தார். இன்று என்றால் கான் சாம்பியன். 1971-ல் ஃப்ரேஸியரின் இடது கை ஹுக்கில் அலி மல்லாந்து, ஷூவின் சிவப்புக் குஞ்சம் ஆகாயத்தில் பறக்கிற போட்டோ பார்த்திருப்பீர்கள். அது 15-வது ரவுண்டு. அந்த போட்டோவே இருக்காது.

"அப்படிச் சொல்ல முடியாதுடா. பன்னெண்டுதான்னு தெரிஞ்சிருந்தா மார்சியானோ பத்துலேயே அந்தக் கையை எடுத்திருப்பான்" என்பார் எங்கள் மாமா. அவரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

உடம்பு சைஸ் விவகாரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். மார்சியானோ 5 அடி பத்தரை அங்குலம், 185 பவுண்டு சுமார். ஜோ லூயிஸ் கானோடு மோதியபோது 200-க்குக் கீழே. இன்றைக்கு 200 பவுண்டு வரை க்ரூஸர்வெயிட். ஹெவிவெயிட்டிலேயே சேர்க்கமாட்டார்கள்! டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், 2024 மே மாதம் ரியாத்தில் மேடையேறியபோது 262 பவுண்டு. "இவர் முன்னால் மார்சியானோவா? குழந்தை!" என்பார்கள். ஆனால் அன்றைக்கு ஃப்யூரியை ஜெயித்த உஸிக், அவரைவிட ஆறு அங்குலம் குட்டை, 40 பவுண்டுக்குக் கிட்ட எடை கம்மி. ஆகவே சைஸ் கட்சிக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும். மார்சியானோ கட்சியும் ஆட வேண்டாம்: அந்த உஸிக்கே 1966 அலியைவிடக் கனமான ஆள்.

இப்போது நம் பாடத்துக்கு வருகிறேன். பி.காம். முதல் வருஷத்தில் கையிருப்புச் சரக்கை மதிப்பிட ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அது. பாக்ஸிங் ரசிகர்கள் இதைத் தலைகீழாகப் படித்தவர்கள். தனக்குப் பிடித்தவன் என்றால் எது அதிகமோ அது, அடுத்தவன் ஆள் என்றால் எது குறைவோ அது. இன்னொரு பாடம் தேய்மானம். மெஷினை வாங்கிய விலையிலேயே புத்தகத்தில் வைத்திருக்கக் கூடாது, வருஷா வருஷம் கழிக்க வேண்டும். குத்துச்சண்டைக்காரனின் மெஷின் அவன் உடம்புதான். ஜி.எஸ்.டி. நண்பர் மறந்தது இதைத்தான். அலியை ஹோம்ஸ் அடித்தது 1980-ல், அலிக்கு 38 வயது. ஹோம்ஸை டைசன் அடித்தது 1988 ஜனவரியில், அப்போது ஹோம்ஸுக்கும் 38. அதுவும் ஒன்றே முக்கால் வருஷமாகச் சும்மா வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். இரண்டு ஓட்டை மெஷினைக் காட்டி மூன்றாவது மெஷின் புதுசு என்று நிரூபிப்பது எந்த ஊர் ஆடிட்?

மார்சியானோ ஜோ லூயிஸை நாக்-அவுட் செய்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1951 அக்டோபர் 26. எட்டாவது ரவுண்டில் லூயிஸ் கயிற்றுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க விழுந்தார். ஆனால் 37 வயதில் லூயிஸ் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?

இந்தக் கதையை நான் எந்த வருமான வரி வகுப்பிலும் படிக்கவில்லை, படித்திருந்தால் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் எடுத்திருப்பேன். லூயிஸ் 1937-லிருந்து 1949 வரை சாம்பியன். 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றியவர். 1938-ல் ஜெர்மனியின் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்தபோது ஹிட்லரையே அடித்த மாதிரி அமெரிக்கா கொண்டாடியது. யுத்தம் வந்தது. 1942-ல் இரண்டு சண்டைகளின் சம்பளத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும் ராணுவ நிவாரண நிதிக்கும் கொடுத்தார். அவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். யுத்தம் முடிந்தது. வரி இலாகா வந்தது. "கொடுத்தது இருக்கட்டும், அது முதலில் உங்கள் வருமானம்தானே? அதற்கு வரி எங்கே?" அன்றைய உச்ச விகிதங்கள் பயங்கரம். கட்டுவதற்காக மறுபடி சண்டை போட்டால், அந்தச் சம்பளத்துக்கும் வரி. வட்டி குட்டி போட்டுக் கடைசியில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதனால்தான் ஓய்வு பெற்றவர் 1950-ல் திரும்பி வந்து எஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். அதனால்தான் 1951-ல் மார்சியானோவின் முன்னால் வந்து நின்றார். மார்சியானோ சின்ன வயதிலிருந்தே லூயிஸின் பக்தர். அடித்து முடித்துவிட்டு, லூயிஸின் அறைக்குப் போய் அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் லூயிஸ் மல்யுத்தம் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட ஓட்டலில் வருகிறவர்களுக்குக் கை குலுக்கி வணக்கம் சொல்கிற வேலை. 1981-ல் இறந்தபோது சவச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஒருவர், ஞாபகமிருக்கிறதா, 124 விநாடியில் அடி வாங்கிய அந்த ஷ்மெலிங்.

பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, 58 வயது என்று ஒரு கோடும் கிடையாது. எப்போது நிறுத்துவது என்று இவர்களுக்கு யாரும் ஆர்டர் அடித்துக் கொடுப்பதில்லை.

மாமாவுக்கு இப்போது எழுபது. 1980 ஆரம்பத்தில் முகமது அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில், தன் பால்ய சிநேகிதரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். மாமாவும் போயிருந்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. "கேலரியில கடைசி வரிசைடா. சுண்டு விரல் உசரத்துக்குத் தெரிஞ்சாரு. ஆனா அந்தக் கால் ரெண்டும் ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு..." என்று சொல்லும்போது, ஈஸிசேரில் அவருடைய பாதம் இரண்டும் தன்னிச்சையாக அசையும். கொஞ்சம் தொப்பை போட்டிருந்ததையும் ஒப்புக்கொள்வார். அலி அப்போது ஓய்வு பெற்றுவிட்டவர். மெட்ராஸுக்கு வந்தது வேடிக்கை காட்டத்தான்.

அதே வருஷம் அக்டோபர் 2. லாஸ் வேகாஸ். ஹோம்ஸ்.

நடுவில் நடந்தது இது. 1977-லேயே அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, "சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்துங்கள்" என்று கடிதம் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். 1980 ஜூலையில் மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் விரல் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒற்றைக் காலில் குதிப்பதில் தடுமாற்றம். அப்படியும் நெவாடா மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது. 80 லட்சம் டாலர் சண்டை! அலி தைராய்டு மாத்திரை வேறு சாப்பிட்டு, மளமளவென்று இளைத்து, முடிக்குச் சாயம் பூசி, பார்க்க 1970-களின் அலி மாதிரியே வந்து நின்றார். பார்க்க மட்டும். பத்து ரவுண்டு. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக இருந்தவர். அடிக்கவும் மனமில்லாமல், விடவும் முடியாமல், நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, போதும் என்று நிறுத்தினார். அலி ஒரு சண்டையில் முடிவுக்கு முன்பே நிறுத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றிரவு ஹோம்ஸும் அழுதார்.

அதற்கப்புறமும் ஒன்று. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு. அங்கே மணி கொண்டுவர மறந்துபோய், மாட்டுக் கழுத்து மணியை அடித்து ரவுண்டு ஆரம்பித்தார்கள். மாட்டு மணி! உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டு வீரனுக்குக் கடைசி மணி அது. 1984-ல் பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அடிகளால்தான் வந்ததா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. எனக்கு நம்பிக்கை ஒரு பக்கம்தான் சாய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் அந்த ஹோம்ஸ் சண்டையை மாமாவுக்குப் போட்டுக் காட்டப் போனேன். அவர் அதுவரை பார்த்ததே இல்லை. முதல் ரவுண்டு முடிவதற்குள், "நிறுத்துடா" என்றார்.

நிறுத்தினேன்.

"பணத்துக்காகத்தானே மாமா போனாரு?" என்றேன்.

"பணம் ஒரு பக்கம். மிச்சத்தை நீ கணக்குல எழுத முடியாது. காலைல எழுந்து எங்கேயும் போக வேணாம்னா அவன் யாரு? சும்மா ஒரு பெரிய உடம்புக்காரன்."

மாமா இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதிய கம்பெனி மூடிப்போய், கிராஜுவிட்டிக்காக அலைந்து அலைந்து, பாதிதான் வந்தது. இன்றைக்கும் பஸ் பிடித்து ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறார். போன வருஷம் 7-ஐ 1 என்று படித்துவிட்டு, சாயங்காலம் முழுக்க டேலி ஆகாமல் உட்கார்ந்திருந்தாராம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் மாமாவுக்கு வலித்தது. கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார், மறுபடி போகிறார். அத்தையும் சொல்லிப் பார்த்துவிட்டாள், மகன் பெங்களூரிலிருந்து பணம் அனுப்பிப் பார்த்துவிட்டான். "போதும் மாமா" என்று சொல்லத்தான் அன்றைக்கு நானும் போயிருந்தேன். அத்தை அனுப்பித்தான் போனேன். டண்டி மாதிரி நான் துண்டை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எடுக்கவில்லை. காபி சாப்பிட்டோம். அப்புறம் மாமாவே, "சரி, உன் ஜி.எஸ்.டி.காரன் என்ன சொல்றான்?" என்று ஆரம்பித்தார்.

ஆகவே, அவர் முன்னிலையில் நான் கொடுத்த தீர்ப்பு இதுதான். அலி கட்சி சார்பில் 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் க்ளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் ஊதிய அலி. வயது 24, எடை 212 பவுண்டு சுமார். எதிர்க்கட்சி சார்பில் 1988 ஜூன் 27 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசன். வயது 21. இரண்டுமே தேய்மானம் கழிக்காத மெஷின். 15 ரவுண்டு.

முதல் நாலு ரவுண்டு அலி கட்சிக்கு வயிற்றைக் கலக்கும். அலியின் பெரிய ஓட்டை, தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிக்கும் பழக்கம். வலது கை வேறு இடுப்பருகே தொங்கும். அதனால்தான் 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் இடது ஹுக்கில் கீழே தள்ளினார், 1971-ல் ஃப்ரேஸியர் அதே ஹுக்கில். டைசனின் இடது ஹுக், கூப்பருடையதைவிட எத்தனையோ மடங்கு. நடுவே ஒரு தடவை அலி விழுவார் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுந்துவிடுவார். கூப்பரிடம் எழுந்தார், ஃப்ரேஸியரிடம் நாலு விநாடியில் எழுந்தார். அப்புறம்? டைசனுக்குக் கை நீளம் 71 அங்குலம், அலிக்கு 78. போன்க்ரஷர் ஸ்மித் கட்டிப் பிடித்துக்கொண்டே 12 ரவுண்டு ஓட்டினார், டோனி டக்கர் 12 ரவுண்டு நின்றார். டைசனுக்கு எரிச்சல் வந்தால் கூட்டுக் குத்து போய் ஒற்றைக் குத்தாகிவிடும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் 42-க்கு 1 என்று யாருமே மதிக்காத பஸ்டர் டக்ளஸ், நீளமான இடது கையை முகத்தில் குத்திக் குத்தியே பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். டக்ளஸ் செய்ததை அலி செய்யமாட்டாரா? பத்துக்கு மேல், பதிமூன்றுக்குள் அலி.

"டோக்கியோவுக்கு வந்தது பழைய டைசனே இல்லை. அவன் ட்ரெயினிங்கே பண்ணலை" என்று ஜி.எஸ்.டி. நண்பர் போனில் கத்தினார். பாருங்கள், அவருக்கும் தேய்மானம் புரிய ஆரம்பித்துவிட்டது!

நான் கடைசி ஆதாரத்தை எடுத்துவிட்டேன். 1989-ல் ஆர்ஸினியோ ஹால் நடத்திய டி.வி. நிகழ்ச்சியில் அலி, டைசன், சுகர் ரே லெனர்ட் மூன்று பேரும் ஒரே சோபாவில். நீங்கள் இரண்டு பேரும் மோதியிருந்தால் என்று பேச்சு வந்தது. டைசன் அப்போது உலக சாம்பியன், உலகமே பயந்த ஆள். அவர் தயங்காமல் அலியைத்தான் பெரியவர் என்று சொல்லிவிட்டார்.

"அது மரியாதை. சாட்சி இல்லை" என்று சொல்லி நண்பர் போனை வைத்தார்.

மாமா இதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "டைசனை விடு" என்றார் திடீரென்று. "காலால சண்டை போட்ட 66 அலியும், கால் போனப்புறம் தலையால சண்டை போட்ட 74 அலியும் மோதினா யாரு?"

நான் 66 என்றேன். மாமா 74 என்கிறார். வாதம் மூன்றாவது வாரமாக நடக்கிறது. மாமா இப்போதைக்கு முன்னணியில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை எட்டரை பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுகிறார்.